மாலடாப்டேஷன்: ‘தவறான தகவமைப்பு’ சரிதானா?

அன்பர்களுக்கு வணக்கம்.

கடலோர ஊராட்சிகளுக்கான காலநிலைக் கையேட்டின் சொற்பட்டியலில் ‘மாலடாப்டேஷன்’ வந்து மாட்டிக்கொண்டது. காலநிலை மாற்றத்தைச் சமாளிக்கச் செய்த வேலையே பாதிப்பைக் கூட்டுவதற்கு அல்லது வேறிடத்துக்குத் தள்ளுவதற்கு அந்தப் பெயர். அடாப்டேஷனுக்குத் ‘தகவமைப்பு’ என்று வைத்தாயிற்று. (கள்ளிக்கும் ஒட்டகத்துக்கும் தானாக அமைவது தகவமைவு, மனிதர் திட்டமிட்டுச் செய்வது தகவமைப்பு. இலங்கையில் ‘இசைவாக்கம்’ என்பார்கள், அதுவும் நல்ல சொல்.) இதுவரை குழுவில் வந்தவை தவறான தகவமைப்பு, பிழைத்தகவமைப்பு, தீத்தகவமைப்பு. மூன்றும் உறுத்துகின்றன.

புதுச்சேரியைப் பாருங்கள். 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். நம் கிழக்குக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே போகும். வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் திரும்பி வரும், ஆனாலும் ஆண்டுக் கணக்கு வடக்குக்குத்தான். சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் மேடிட்டது. வடக்கே நகரின் கடற்கரை போய்க் கருங்கல் வந்தது. தேங்கும் மணலை எடுத்து வடக்கே கொட்டுவதும் திட்டத்தில் இருந்தது, ஒழுங்காக நடக்கவில்லை.

அதுவரை துறைமுகக் கதை. நம் சொல்லுக்கான கதை அதற்கப்புறம்தான். கல் கொட்டிய இடம் நின்றது, அதற்கு வடக்கே அரித்தது. அங்கேயும் கொட்டினார்கள், அதற்கும் வடக்கே அரித்தது. தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று மாநில எல்லை தாண்டிப் போயிற்று அரிப்பு. படகு ஏற்றவும் கரைவலை இழுக்கவும் மணல் இல்லாத குப்பத்தார் தூண்டில் வளைவு (அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டும் கற்சுவர்) கேட்டால் அதில் என்ன தவறு, என்ன பிழை? தகவமைப்பு ஆய்வாளர் சுவர் நின்றதா என்று பார்க்கிறார். இயற்கை வளம் பார்ப்பவர் மணலின் வரவு செலவைப் பார்க்கிறார். இரண்டு கணக்கும் ஒரே ஏட்டில் ஏறினால்தான் அடுத்த ஊரின் நட்டம் கண்ணில் படும். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் விளக்கமும் பாதிப்பு கூடுவதை மட்டுமல்ல, இடம் மாறுவதையும் சொல்கிறது. பெரும்பாலும் யாரும் நினைத்துச் செய்வதில்லை என்றும் சொல்கிறது.

என் பரிந்துரை: இடர்பெயர் தகவமைப்பு. வினைத்தொகை, ஒற்று மிகாது. தயவுசெய்து யாரும் ‘த்’ போட்டுத் திருத்தி அனுப்ப வேண்டாம்.

*

ஐயா, கரைக்குப் பொருந்துகிறது. ஆழ்துளைக் கிணற்றுக்கு? கோவைப் பக்கம் ஆயிரம் அடியைத் தாண்டிப் போர் போடுகிறார்கள். மழை பொய்த்த ஆண்டில் தென்னை பிழைக்கிறது, பக்கத்துத் தோட்டத்துக் கிணறு வற்றுகிறது. அதுவரை சரி. சில ஆண்டுகளில் போட்டவர் குழாயிலும் காற்றுதான் வருகிறது. இடர் எங்கே பெயர்ந்தது?

இன்னொன்று. என் மகளிடம் படித்துக் காட்டினேன். “இடருக்குப் பெயர் வைக்கிறீர்களாப்பா?” என்றாள்.

*

கிணற்றில் இடர் ஆண்டுகளைத் தாண்டிப் பெயர்கிறது ஐயா. அப்பா போட்ட போருக்கு மகன் கடன் கட்டுகிறார். ஆனால் உங்கள் மகள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. ‘இடர்பெயர்ப்பு’ என்றால் மொழிபெயர்ப்பு பழகிய கண் உடனே பிடித்துக்கொள்ளும். தனிச்சொல்லாகவே விட்டுவிடலாமா?

*

விடக்கூடாது. ரிஸ்க் டிரான்ஸ்ஃபர் (இடரைக் காப்பீட்டு நிறுவனத்தின் மேல் ஏற்றுவது) என்று பயிர்க் காப்பீட்டுக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், அதே கையேட்டின் ஆறாம் இயலில் அவர்களும் வருகிறார்கள். அவர்களுக்கு ‘இடர்மாற்றம்’ இருக்கட்டும்.

*

அப்படியானால் நீளம் போனால் போகட்டும், ‘இடர்பெயர்ப்புத் தகவமைப்பு’ என்று முழுதாகவே ஏற்றுகிறேன். இந்த முறை ஒற்று உண்டு.