மறுமொழி: ‘எலும்புவழிக் கேட்புத் தொடக்கம்’ – திங்களுக்குள் முடிவு வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

குழந்தைகளுக்கு நாங்கள் செய்யும் செவிச் சோதனையைப் பெற்றோருக்கு விளக்கும் ஒரு பக்கத் துண்டறிக்கைக்கு மூன்று தமிழ்ச் சொற்கள் கேட்டேன்: bone conduction (ஒலி எலும்பின் வழியே உட்காதை அடைவது), objective measurement (கேட்பவரின் பதிலை நம்பாத அளவீடு), hearing threshold (காதுக்கு எட்டும் மிக மெல்லிய ஒலியின் அளவு). திங்கட்கிழமை காலை அது திருவல்லிக்கேணி அச்சகத்துக்குப் போக வேண்டும். இதுவரை முப்பத்தொரு மடல்கள். ‘கேள்’ என்ற வேரும் ‘கேளிர்’ என்ற சொல்லின் வேரும் ஒன்றா என்பதற்கே அவற்றில் ஒன்பது!

> ‘எலும்புக் கடத்தல்’ என்பதில் என்ன குறை?

வெப்பக் கடத்தல் படித்தவருக்குக் குறையில்லை. எங்கள் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருக்கும் அம்மாவுக்குக் கடத்தல் என்றால் போலீஸ்தான் நினைவுக்கு வரும். ‘எலும்புவழி’ போதும். புலவர் ஐயா ‘என்பும் உரியர் பிறர்க்கு’ என்று காட்டி ‘என்புவழி’ கேட்கிறார். கை முறிந்தால் வீட்டில் யாரும் என்பு முறிந்தது என்பதில்லையே, ஐயா.

> ‘புறவய அளவீடு’ அல்லது ‘கொள்குறி அளவீடு’

கொள்குறி, தேர்வாணையத் தாளில் தரப்பட்ட விடைகளில் ஒன்றைக் குறிப்பது. அது இங்கே பொருந்தாது. ‘புறவயம்’ பிழையில்லை, ஆனால் நாங்கள் செய்வதை அது சொல்லவில்லை. ஆறு மாதக் குழந்தை ‘கேட்கிறது’ என்று கை தூக்காது. தூங்கவைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் மின்முனை ஒட்டி, மண்டையோட்டை அதிரச்செய்து ஒலி கொடுக்கிறோம். சில மில்லிநொடிகளில் மூளைத்தண்டிலிருந்து எழும் அலைகளில் ஐந்தாவது, எவ்வளவு மெல்லிய ஒலி வரை தென்படுகிறது என்று பார்க்கிறோம். காதுத்துளை இல்லாமல் பிறந்த பிள்ளைக்கு உட்காது நன்றாக இருக்கிறதா என்று இப்படித்தான் தெரியவரும். அவன் தலைப்பட்டையில் அணியப்போகும் கருவி வழியாகவே ஒலி கொடுத்து அளந்தால் இன்னும் நல்லது: நடுவிலுள்ள தோல் விழுங்கும் அதிர்வும் கணக்கில் சேர்ந்துவிடும். குழந்தை பதில் சொல்லவே வேண்டாம் என்பதுதான் பெற்றோருக்குத் தெரிய வேண்டிய செய்தி. ஆகவே ‘பதில் வேண்டாச் சோதனை’ என்று போடுகிறேன்.

மூன்றாவதில்தான் சிக்கல். ‘கேட்பு வரம்பு’ என்றால் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையான நெடுக்கம் என்று மாணவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ‘கேட்புப்படி’ அழகு, வாசற்படி கண்முன் வருகிறது. ஆனால் ஒலியை 10 டெசிபெல் படிகளாகக் குறைப்போம், இரண்டு படியும் குழம்பும். இயற்பியல் ஆசிரியர் சொன்ன ‘பயன்தொடக்கம்’ பன்னிரண்டாம் வகுப்பில் ஒளிமின் விளைவோடு ஏற்கெனவே புழங்குகிறது. அதிலிருந்து ‘கேட்புத் தொடக்கம்’ எடுத்தேன். ஒலியைக் குறைத்துக்கொண்டே போகையில் அது முடிவாகத்தானே தெரியும் என்று ஒருவர் கேட்டார். நியாயம்தான். அடியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தால் அதே இடம் தொடக்கம்.

பன்னிருவரில் எழுவர் சரி என்றுவிட்டார்கள். வேறு மாற்றம் இருந்தால் ஞாயிறு இரவுக்குள் சொல்லுங்கள்.

---

அன்புள்ள அம்மா,

‘என்புவழி’ கேட்ட நான் ‘எலும்புவழி’க்கு இசைகிறேன். பெற்றோர் படிக்கும் தாளில் என்பு வேண்டாம்தான். ‘கேட்பு’க்கு இசையமாட்டேன். ‘கேள்வியால் தோட்கப்படாத செவி’ என்று 418ஆம் குறளில் காதுக்கே உரிய இடத்தில் நிற்கும் சொல்லை, வினாவுக்கு மட்டும் எழுதிக்கொடுத்தவர்கள் நாம். ஒரு துண்டறிக்கையிலாவது அதைத் திரும்பக் கொண்டுவரலாம். பெரும்பான்மை உங்கள் பக்கம், அச்சுக்கு அனுப்புங்கள். வகுப்பில் நான் ‘கேள்வித் தொடக்கம்’ என்றே சொல்லிக்கொடுப்பேன்.