படம் வரலை மேடம்

இணையத்தைச் சொல்லிக்கொடுத்த அனுபவம் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு சிவப்புப் பெருக்கல் குறி.

2000 ஜூலை. சிவகங்கைப் பக்கம் ஒரு மகளிர் கல்லூரி. வரலாறு, தாவரவியல், தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு மணி நேரம் இணையம் பற்றி எடுக்கச் சொன்னார்கள். லேபில் விண்டோஸ் 98 போட்ட 12 மெஷின்கள் இருந்தன, மோடம் இருந்தது ஒன்றில்தான். அந்த போன் லைனும் ஆபீஸ் ரூமோடு பங்கு. அங்கே யாராவது ரிசீவரை எடுத்தால் இங்கே இணைப்பு அறுந்துவிடும். முதல் வகுப்பில் 40 பேரை ஒரே திரை முன்னால் நிற்க வைத்து ஒரு தளத்தைத் திறந்தேன். படம் மேலிருந்து கீழே பட்டை பட்டையாக இறங்கி முடிப்பதற்குள் பின்வரிசையில் பேச்சு தொடங்கிவிட்டது.

அன்று இரவே முடிவு செய்தேன். பார்க்க வைக்க லைன் வேண்டும். செய்ய வைக்க நோட்பேட் போதும். ஆளுக்கு ஒரு இணையப் பக்கம், ஆளுக்கு ஒரு ஃபிளாப்பி. முடிந்ததை எல்லாம் சனிக்கிழமை நான் உட்கார்ந்து ஜியோசிட்டிஸ் என்ற தளத்தில் ஏற்றிவிடுவேன். அங்கே இலவசமாக இடம் கொடுத்தார்கள்.

இணையப் பக்கத்தை அமைக்கும் குறிகளான டேக் எழுதுவதைப் பிள்ளைகள் இரண்டே வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள். திறந்த டேகை மூட வேண்டும் என்பது கோலம் போடுகிறவர்களுக்குச் சொல்லித் தர வேண்டிய விஷயமே இல்லை. நோட்பேடில் சேமித்தால் பெயருக்குப் பின்னால் தானாக ஒரு 'டாட் டிஎக்ஸ்டி' ஒட்டிக்கொள்ளும், அது கண்ணுக்கும் தெரியாது. அந்தத் தொந்தரவுக்கு ஒரு வகுப்பு போனது.

வரலாறு படித்த ஒரு பெண் தன் ஊர் ஐயனார் கோயில் புரவி எடுப்பைப் பற்றி எழுதினாள். பிடிமண் கொடுப்பது, வேளார் மண் குழைத்துப் புரவி செய்வது, ஊரே சேர்ந்து அதைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போவது எல்லாம் இருந்தது. அண்ணன் பிலிம் ரோலில் எடுத்த நாலு போட்டோவை டவுன் ஸ்டூடியோவில் ஸ்கேன் செய்து ஃபிளாப்பியில் கொண்டுவந்தாள். நாலாம் நம்பர் மெஷினில் போட்டுக் காட்டினாள். அழகாக வந்தது. மறுநாள் அந்த மெஷின் கிடைக்கவில்லை. ஒன்பதாம் நம்பரில் திறந்தால் நாலு கட்டம், ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு சின்னச் சிவப்புப் பெருக்கல் குறி.

"படம் வரலை மேடம். நேத்து இருந்துச்சு. யாரோ அழிச்சிட்டாங்க."

யாரும் அழிக்கவில்லை. நாலாம் நம்பர் மெஷினின் சி டிரைவில், மை டாக்குமென்ட்ஸுக்குள் படம் பத்திரமாக இருந்தது. அவள் பக்கத்தில் எழுதியிருந்த பாதையும் அதுதான். அந்தப் பாதை அந்த ஒரு மெஷினுக்கு வெளியே செல்லாது.

"உங்க அத்தைக்கு லெட்டர் எழுதுறே. 'எங்க வீட்டு பீரோவுல ரெண்டாவது தட்டுல புரவி போட்டோ இருக்கு, பாத்துக்கங்க'ன்னு எழுதி அனுப்பினா அத்தைக்குப் போட்டோ தெரியுமா?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "போட்டோவையும் கவர்ல வைக்கணும்."

அன்றிலிருந்து அந்த வகுப்பில் 'பீரோ' ஒரு கலைச்சொல் ஆகிவிட்டது. யாருக்காவது படம் வரவில்லை என்றால் பக்கத்து மெஷின்காரி எட்டிப் பார்த்து "பீரோடி" என்பாள்.

சனிக்கிழமை ஏற்றினால் மறுபடியும் சிவப்புக் குறி! ஸ்டூடியோக்காரர் கோப்புப் பெயர்களை முழுக்கப் பெரிய எழுத்தில் வைத்திருந்தார், இவள் பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தாள். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, ஜியோசிட்டிஸ் சர்வருக்கு வேறு வேறு. இதைக் கண்டுபிடிக்க எனக்கே இரண்டு சாயங்காலம் ஆனது.

தமிழ் படித்த பெண்ணின் கதை எனக்கு இன்னும் வருத்தம். அம்மா பாடிய தாலாட்டுகளைத் தட்டச்சு செய்திருந்தாள். அப்போது நாளிதழ்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி எந்தத் தமிழ் எழுத்துக்கு எந்த எண் என்று வகுக்கும் டாம், டாப் என்ற இரண்டு குறியீடுகள் வந்திருந்தன. இணையத்தில் எழுதிய வெளிநாட்டுத் தமிழர் பலர் திஸ்கி என்ற இன்னொரு குறியீட்டில் எழுதினார்கள். நாங்களும் முரசு அஞ்சல் என்ற தட்டச்சு மென்பொருளைப் போட்டுத் திஸ்கியில்தான் அடித்தோம். அவள் அண்ணன் திருப்பூரில் ஒரு ப்ரௌசிங் சென்டரில் காசு கொடுத்து உட்கார்ந்து பக்கத்தைத் திறந்திருக்கிறார். அந்த மெஷினில் எழுத்துரு இல்லை. "என்ன பாப்பா, முக்கால், முக்கால்னு போட்டிருக்கே, வட்டிக் கணக்கா?" என்று போனில் கேட்டாராம். திஸ்கியில் த இருக்கும் இடத்தில் சாதாரண எழுத்துருவில் முக்கால் குறிதான் இருக்கிறது. 'தமிழ்' என்ற சொல்லே முக்கால், தலையில் கோடு போட்ட ஏ, சென்ட் குறி, தலையில் கோடு போட்ட யூ என்று தெரியும்.

எழுத்துருவை இறக்கிக்கொள்ளச் சுட்டி கொடுத்தோம். சென்டர்காரர் எதையும் இன்ஸ்டால் செய்ய விடமாட்டார். கடைசியில் தாலாட்டு முழுவதையும் படமாக மாற்றிப் போட்டோம். தெரிந்தது. ஆனால் தேடினால் கிடைக்காது, ஒரு வரியைக்கூட நகலெடுக்க முடியாது. அவள் எழுத்தை நானே போட்டோவாக்கிச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டது போல இருந்தது. பிறகு விண்டோஸ் எக்ஸ்பியோடு லதா என்ற தமிழ் எழுத்துருவும் வந்து, எல்லா மொழிக்கும் பொதுக் குறியீடான யூனிகோட் பரவியபோது அவள் படிப்பை முடித்துப் போய்விட்டாள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு பெண் தன் பக்கத்தின் அடியில் வீட்டு போன் நம்பரை எஸ்டிடி கோடோடு போட்டிருந்தாள். ஏற்றும்போது நான் கவனிக்கவில்லை. மூன்று வாரம் கழித்து இரவு நேரத்தில் யார் யாரோ கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் அப்பா கல்லூரிக்கே வந்துவிட்டார். "என் ஃபிரண்ட்ஸ் மட்டும்தானே மேடம் பார்ப்பாங்கன்னு நெனச்சேன்" என்று அழுதாள். தன் மெஷினில் தெரிவது அத்தைக்கும் தெரியும் என்று நினைத்த பெண்ணும், தோழிக்குக் காட்டுவது தோழிக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்த பெண்ணும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கம் எங்கே இருக்கிறது, யார் கண்ணில் படும் என்பதை நான் டேகுக்கு முன்னால், முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அடுத்த ஆண்டிலிருந்து அதைத்தான் முதலில் எடுத்தேன். நம்பரை நீக்க அன்று மோடம் நாலு முறை அறுந்தது. அந்த அப்பா பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

2009 அக்டோபரில் ஜியோசிட்டிஸை மூடிவிட்டார்கள். 40 பேரின் பக்கங்களும் போயின. ஃபிளாப்பிகளில் பாதி பூஞ்சை.

புரவிக்காரி இப்போது அரசுப் பள்ளி ஆசிரியை. போன வருடம், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் தேடித் தன் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். எழுத்து அப்படியே இருக்கிறது, படங்கள் மட்டும் இல்லை. அண்ணன் வீட்டு ஆல்பத்திலிருந்து அதே போட்டோக்களை எடுத்து, எட்டாவது படிக்கும் மகளோடு உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திரும்பக் கட்டியிருக்கிறாள். போன மாதம் எனக்குச் சுட்டி அனுப்பினாள். என் போனில் திறந்தேன், படம் வரவில்லை.

கூப்பிட்டுச் சொன்னேன். எதிர்முனையில் மகளிடம் திரும்பிச் சொல்வது கேட்டது. "பாப்பா, பீரோ."