ஜிப்சியை இரண்டு இன்ச் தூக்கினேன், இப்போது நேராகப் போக மறுக்கிறது

பள்ளத்தூர் ஜிப்சி:

வணக்கம். வண்டி 2009 மாருதி ஜிப்சி கிங். எங்கள் தோப்பு கண்மாய்க்கு அந்தப் பக்கம். மழை பெய்தால் கரைப்பாதையில் டிராக்டர் தடம் ஆழமாக விழுந்து, வண்டியின் வயிறு தட்டுகிறது. அதற்காகத்தான் தூக்கினேன். ஷேக்கிள் (பட்டாவின் ஒரு முனையைச் சேஸோடு சேர்க்கும் கொண்டி) நான்கு முனையிலும் பழையதை விட 2 இன்ச் நீளமாக லேத்தில் செய்து வாங்கினேன். பட்டறையில் கட்டுக்கு ஒரு பட்டா (தகட்டு ஸ்பிரிங்) கூடுதலாக வைத்துக் கொடுத்தார்கள். மாட்டியது நானும் தம்பியும், பின்கட்டு வண்டிக் கொட்டகையில், இரண்டு ஞாயிற்றுக்கிழமை. முன்னால் 5.5 செ.மீ., பின்னால் 5 செ.மீ. ஏறியிருக்கிறது.

பிரச்சினை மூன்று. 50க்கு மேல் போனால் ஸ்டியரிங் மிதக்கிறது, திருப்பினால் தானாகத் திரும்பி வருவதில்லை. வண்டி வலது பக்கம் இழுக்கிறது, பிரேக் போட்டால் இன்னும் அதிகம். 65ஐத் தாண்டினால் பின்னால் அடியிலிருந்து ஒரு அதிர்வு. கோட்டையூரைத் தாண்டிக் காரைக்குடி போய் வருவதற்குள் கை வலித்துவிட்டது. அலைன்மென்ட் கடைக்குக் கொண்டுபோனேன், டோ (சக்கரம் உள்ளே வெளியே பார்க்கும் கோணம்) மட்டும்தான் திருத்த முடியும் என்று அனுப்பிவிட்டார்கள். எங்கே தப்பு செய்தேன்?

தேவகோட்டை பட்டறைக்காரன்:

தம்பி, அலைன்மென்ட் கடைக்காரர் சொன்னது சரிதான். இந்த வண்டியில் முன்னாலும் கட்டை ஹவுசிங், அதாவது இரண்டு சக்கரத்தையும் சேர்க்கும் ஒரே அச்சு உறை. காம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு), காஸ்டர் (கிங்பின்னின் முன்பின் சாய்வு) இரண்டும் ஹவுசிங் உட்காரும் கோணத்தோடு வருபவை. திருகித் திருத்த அங்கே ஒன்றும் கிடையாது.

மிதப்பதற்குக் காரணம் ஷேக்கிள். ஜிப்சியில் முன் ஷேக்கிள் பட்டாவின் முன்முனையில் இருக்கிறது. அதை 5 செ.மீ. நீட்டினால் ஹவுசிங் ஏறுவது பாதிதான், 2.5 செ.மீ. ஆனால் பட்டாவின் மூக்கு 5 செ.மீ. இறங்கிவிடுகிறது. பட்டா நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், மீட்டருக்கு 5 செ.மீ. என்றால் 3 டிகிரி சாய்வு. ஹவுசிங்கும் அதோடு சேர்ந்து முன்னால் கவிழ்கிறது. கிங்பின், அதாவது சக்கரம் திரும்பும் அச்சாணி, பின்பக்கம் சாய்ந்திருந்தால்தான் சக்கரம் தானாக நேர்ப்படும். சைக்கிள் முன் ஃபோர்க்கைப் பாருங்கள், புரியும். அந்தச் சாய்வை நீங்கள் ஷேக்கிளுக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

பின்னால் அதிர்வதும் அதே கணக்குதான். பின் ஷேக்கிள் பின்முனையில் இருப்பதால் அங்கே கிரவுன் (ஹவுசிங் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டி) மூக்கு மேலே தூக்கிக்கொண்டிருக்கும். கிரவுனுக்கு விசை கொண்டுபோகும் ஜாயின்ட் ஷாஃப்டின் இரண்டு முனையிலும் ஒற்றைக் கிராஸ் (மடங்கும் மூட்டு). டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) ஃபிளாஞ்சும் கிரவுன் ஃபிளாஞ்சும், அதாவது ஷாஃப்ட் மாட்டும் இரண்டு முகமும், ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால்தான் ஒரு கிராஸ் கொடுக்கும் வேக ஏற்ற இறக்கத்தை மற்றது சரிக்கட்டும். இல்லையென்றால் அதிரும். போனில் மட்டம் பார்க்கும் செயலி இருக்குமே, இரண்டு ஃபிளாஞ்சிலும் வைத்துப் பாருங்கள்.

வலது பக்கம் இழுப்பது இதில் சேராது. அது வேறு ஏதோ.

காரைக்குடி வாசி:

செட்டிநாட்டு வீட்டில் ஜாக்கி போட்டிருக்கிறீர்கள், முதலில் ஒன்று சொல்லுங்கள். தரை ஆத்தங்குடிக் கல்லா?

பள்ளத்தூர் ஜிப்சி:

ஐயோ அண்ணே, அதைக் கேட்காதீர்கள். கொட்டகையில் சிமென்ட் தரைதான். ஆனால் பட்டாக்களை வளவில் கொண்டுவந்து பரப்பியதற்கே அப்பத்தா ஒரு வாரம் பேசவில்லை. கிரீஸ் கறை இரண்டு கல்லில் இன்னும் இருக்கிறது, தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

காரைக்குடி வாசி:

கறை போனாலும் அப்பத்தா மறக்க மாட்டார்கள். சரி, வண்டியை எதன் மேல் நிறுத்தினீர்கள்? செங்கல், கருங்கல் துண்டு என்று சொன்னால் நானே வந்து திட்டுவேன். பாரம் ஏறினால் செங்கல் முன்னறிவிப்பு இல்லாமல் உடையும். சேஸுக்கு அடியில் இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு, பின் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை. அதன் பிறகுதான் அடியில் தலையை விட வேண்டும்.

பள்ளத்தூர் ஜிப்சி:

ஸ்டாண்டுதான் அண்ணே, வாடகைக்கு எடுத்தேன்.

புதுவயல் அக்கா:

தம்பி, வலது பக்கம் இழுப்பதற்கு நான் ஒன்று கேட்கிறேன். பட்டா சேர்த்தபோது சென்டர் போல்ட் மாற்றினீர்களா? நான்கும் ஒரே மாதிரி போல்ட்தானா? எங்கள் வீட்டுக்காரர் பழைய ஜீப்பில் இதே வேலை பார்த்துவிட்டு மூன்று மாதம் டயரைத் தின்னக் கொடுத்தார், அதனால் கேட்கிறேன்.

கடைக்குப் போக வேண்டாம். சமதரையில் ஸ்டியரிங்கை நேராக வைத்துக்கொண்டு, கொத்தனார் தூக்குக்குண்டை ஒவ்வொரு சக்கர மையத்திலிருந்தும் தொங்கவிட்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். வண்டியை நகர்த்திவிட்டு, முன் புள்ளிக்கும் பின் புள்ளிக்கும் இடையே இடது வலது இரண்டு பக்கமும் டேப் பிடியுங்கள். ஜிப்சியின் வீல்பேஸ் 2375 மி.மீ. ஒன்றிரண்டு மில்லி வித்தியாசம் இருந்தால் விட்டுவிடலாம்.

பள்ளத்தூர் ஜிப்சி:

அக்கா, வீட்டில் சுண்ணாம்புப் பூச்சு வேலை நடக்கிறது, தூக்குக்குண்டு கையிலேயே கிடைத்தது. கொத்தனார்தான் பிடித்தும் கொடுத்தார்.

இடது 2374. வலது 2361.

13 மில்லி! இப்போது ஞாபகம் வருகிறது. முன் வலது கட்டின் சென்டர் போல்டை மாட்டும்போது நான்தான் உடைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பட்டறை பூட்டியிருந்ததால் ஹார்டுவேர் கடையில் அதே கனத்தில் சாதாரண ஆறுமூலைத் தலை போல்ட் வாங்கிப் போட்டேன்.

தேவகோட்டை பட்டறைக்காரன்:

அக்கா கேட்டதுதான் விஷயம். நான் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தேன்.

தம்பி, சென்டர் போல்ட் பட்டாக்களைச் சேர்த்துப் பிடிப்பதற்கு மட்டும் இல்லை. அதன் உருண்டைத் தலை ஹவுசிங் தட்டிலுள்ள குழிக்குள் இறங்கி உட்கார வேண்டும். ஹவுசிங் முன்னே பின்னே நகராமல் இருப்பது அதனால்தான். நீங்கள் போட்ட ஆறுமூலைத் தலை அகலம், குழிக்குள் இறங்காமல் விளிம்பிலேயே நின்றிருக்கும். பட்டாவை ஹவுசிங்கோடு கட்டும் யூ போல்டை எவ்வளவு முறுக்கினாலும் பிடிமானம் வெறும் உராய்வுதான். பிரேக் போடும்போது ரோடு சக்கரத்தைப் பின்னால் தள்ளுகிறது, வலது பக்கம் பிடிப்பு இல்லாததால் அது பின்வாங்குகிறது. வலது சக்கரம் பின்னால் போனால் மொத்த ஹவுசிங்கும் வலது பக்கம் பார்க்கும். பிரேக்கில் இழுப்பு அதிகமாவதற்கு அதுதான் காரணம்.

இதோடு தோப்புக்குக்கூட ஓட்ட வேண்டாம். முழுதாக நகர்ந்தால் டிராக் லிங்கும் (ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பி) பிரேக் ஹோஸும் இழுபடும்.

கழற்றும்போதே, ஷேக்கிள் கொடுத்த சாய்வைத் திருத்தும் ஆப்பையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள், இரண்டு வேலையாகாது. 3 டிகிரி இரும்பு ஆப்பு, லேத்தில் சொன்னால் செய்வார்கள். அலுமினியம் வேண்டாம், நசுங்கி வெடிக்கும். ஜிப்சியில் பட்டா ஹவுசிங்குக்குக் கீழே இருப்பதால், ஆப்பின் தடித்த முனை ஷேக்கிள் இருக்கும் பக்கம் வர வேண்டும். அதாவது முன்னால் முன்பக்கம், பின்னால் பின்பக்கம். ஷேக்கிள் இறக்கிய அளவை ஆப்பு திருப்பி ஏற்றுகிறது, அவ்வளவுதான். பட்டா ஹவுசிங்குக்கு மேலே இருக்கும் வண்டிக்கு இது தலைகீழ், யாரும் படித்துவிட்டு வேறு வண்டியில் அப்படியே போட்டுவிடாதீர்கள்.

ஆப்பு வந்தால் சென்டர் போல்ட் தலை ஆப்பின் ஓட்டையைத் தாண்டிக் குழியை எட்ட வேண்டும். அந்த நீளத்துக்கு, உருண்டைத் தலை, ஹை டென்சைல் போல்ட் நான்கு வாங்குங்கள். யூ போல்டும் புதிது. ஒருமுறை முறுக்கி இழுபட்டதைத் திரும்பப் போடக் கூடாது.

இன்னொன்று. ஷேக்கிள் போல்டை எப்போது இறுக்கினீர்கள்? சக்கரம் தொங்கும்போதா?

பள்ளத்தூர் ஜிப்சி:

ஆமாம் அண்ணே, ஸ்டாண்டில் இருக்கும்போதே. தப்பா?

தேவகோட்டை பட்டறைக்காரன்:

ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே கவ்விக்கொள்ளும். வண்டி கீழே இறங்கினதும் முறுக்கிக்கொண்டே இருக்கும், வண்டி கடினமாகத் தெரியும், புஷ் சீக்கிரம் கிழியும். கையிறுக்கமாக வைத்துவிட்டு, சக்கரம் தரையில் நின்று வண்டியை நாலு தடவை அமுக்கி ஆட்டின பிறகு மேனுவலில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்குங்கள். 100 கி.மீ. ஓடினதும் யூ போல்டை ஒருமுறை பாருங்கள்.

கண்டனூர் கணக்கர்:

நல்லதைச் சொல்லும்போது கசப்பதையும் ஒருவர் சொல்ல வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அடியைத்தான். உங்கள் வண்டி 15 வருடம் தாண்டியதால் பதிவுப் புதுப்பிப்புக்கும் ஆய்வுக்குப் போக வேண்டும்.

அப்புறம், தட்டுவது எது? கிரவுன் என்றால் இந்த வேலையால் ஒரு மில்லிகூடக் கூடவில்லை. ஷேக்கிளும் பட்டாவும் சேஸைத்தான் தூக்கும். கிரவுன் சக்கர மையத்தில் தொங்குகிறது, டயர் பெரிதானால் மட்டுமே அது ஏறும். 205/70 ஆர்15 இலிருந்து 215/75 ஆர்15 போட்டால் விட்டம் 35 மி.மீ. கூடும், கிரவுன் அதில் பாதி ஏறும். ஸ்பீடோமீட்டர் 5 சதவீதம் குறைத்துக் காட்டும்.

பள்ளத்தூர் ஜிப்சி:

தட்டியது டிரான்ஸ்ஃபர் கேஸின் அடித்தகடு. அதனால் அந்த மட்டில் பிழைத்தேன். சட்டம் பற்றி அப்பச்சியிடம் சொன்னேன். "தோப்போடு வை, ஊருக்குள் ஸ்கூட்டர் இருக்கிறது" என்றார். பழைய ஷேக்கிளையும் எடுத்த போல்டுகளையும் எண்ணெய் தடவிக் கட்டி வைத்திருக்கிறேன். அரிமானத்தை ஆராய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு என் யூ போல்டில் இருந்த துருவைப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது.

பள்ளத்தூர் ஜிப்சி: (12 நாள் கழித்து)

முடித்துவிட்டேன். கழற்றினபோது குழி விளிம்பில் போல்ட் தலை பளபளவென்று தேய்ந்த தடம், அண்ணன் சொன்னபடியே. நான்கு ஆப்பு, நான்கு புது போல்ட், புது யூ போல்ட். இப்போது இடது 2375, வலது 2374. இழுப்பு இல்லை. 60இல் ஸ்டியரிங் தானாகத் திரும்புகிறது. அதிர்வு 80இல் லேசாக இருக்கிறது, அந்த வேகத்தில் கண்மாய்க் கரையில் யார் போகப்போகிறார்கள். சேஸைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தேன், முன் பிரேக் ஹோஸ் கயிறு மாதிரி விறைத்து நின்றது, நீளமானதுக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். நேராகப் போகும்போது ஸ்டியரிங் வீல் கால் திருப்பு இடது பக்கம் நிற்கிறது. வீலைக் கழற்றி நேராக மாட்டிவிடலாமா?

புதுவயல் அக்கா:

வேண்டாம் தம்பி. வீலைக் கழற்றி மாட்டினால் உள்ளே ஸ்டியரிங் பாக்ஸ் நடுவில் இருக்காது, ஒரு பக்கம் திருப்பம் குறையும். வண்டி ஏறியதால் டிராக் லிங்க் சாய்ந்து நீளம் போதாமல் போயிருக்கிறது. லாக் நட்டைத் தளர்த்தி அரைச் சுற்று, ஓட்டிப் பார், மறுபடி அரைச் சுற்று. முடிந்ததும் நட்டை இறுக்க மறந்துவிடாதே.