ரவி வர்மா கையெழுத்து இருக்கிறது; கையால் வரைந்ததுதானா?

வீட்டிலிருக்கும் பழைய ரவி வர்மா படம் ஓவியமா அச்சா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலும் அதன் அருகிலும் இருக்கும் மூவரின் பதில்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து:

சாமி அறையில் தலைமுறையாகத் தொங்கி, காமாட்சி விளக்குப் புகையும் டர்பன் ஈரமும் ஏறிய லட்சுமி படம். எண்ணெய் ஓவியம் என்கிறார் ஒருவர், அச்சு என்கிறார் இன்னொருவர். இந்த ஊர்ப் படங்களில் இரண்டும் சரியாக இருப்பதுண்டு. ரவி வர்மா 1894-ல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் படங்கள் கடல் கடந்தும் வீடுகளுக்குப் போயின. இப்படி எண்ணெய் ஓவியம் மாதிரி அச்சடித்ததை ஓலியோகிராஃப் என்பார்கள்: வார்னிஷ் பூசுவார்கள், சிலவற்றில் கேன்வாஸ் நெசவையும் அழுத்திப் பதிப்பார்கள். பிறகு கிழிந்த இடத்தை யாராவது எண்ணெய் வண்ணத்தால் ஒட்டுப்போட்டிருப்பார்கள். லட்சுமியின் கன்னத்தைப் பார்த்தவருக்குத் தூரிகைத் தடம் தெரியும், யானையின் காலைப் பார்த்தவருக்குப் புள்ளி தெரியும்.

அதனால் சேதமில்லாத ஓரத்தில் தொடங்குங்கள். பத்து மடங்கு லென்ஸ் போதும். ஓலியோகிராஃப் கல்லில் வரைந்து அச்சடித்தது; அந்தக் கல்லச்சில் புள்ளிகள் கையால் வைத்தவை. பெரிதும் சிறிதுமாக, ஒரு நிறத்தின்மேல் இன்னொன்று ஏறிக் கிடக்கும். ஒரே அளவு இடைவெளியில் பூப்போல வரிசையாக நின்றால் பிற்கால ஆஃப்செட் (புகைப்பட முறையில் இயந்திரத்தில் அச்சடித்த) மறுபதிப்பு. அடுத்து, விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில், படத்தை ஒட்டினாற்போல் பிடியுங்கள். அழுத்திய நெசவு முகம், புடவை, தாமரை எல்லாவற்றின்மேலும் ஒரே மாதிரி ஓடும். தூரிகைத் தடமோ புடவை மடிப்போடு வளையும்.

பீனிக்ஸிலிருந்து:

அண்ணா சொன்னதோடு கையெழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே லென்ஸில் எழுத்தும் புள்ளியாகப் பிரிந்தால் அது படத்தோடு அச்சானது. வார்னிஷுக்கு மேல் உட்கார்ந்து, பழைய வெடிப்புக்குள் மை இறங்கியிருந்தால், வெடிப்பு விழுந்த பிறகு எழுதியது. அதோடு பேச்சு முடிந்தது.

வெள்ளை வண்ணத்தைச் சோதிக்கக் கொடுக்கிறவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. டைட்டானியம் வெள்ளை 1920-களில்தான் ஓவியர்களிடையே பரவியது. ரவி வர்மா 1906-லேயே காலமாகிவிட்டார், அதனால் டைட்டானியம் கிடைத்தால் அவர் கைவேலை அல்ல என்று முடிவுகட்டுவார்கள். ஆனால் ஒட்டுப்போட்ட கன்னத்தில் டைட்டானியம் கிடைத்தால், ஒட்டுப்போட்ட காலம்தான் தெரியும். எக்ஸ்-கதிர்க் கருவி மேலடுக்கையும் கீழடுக்கையும் சேர்த்தே படிக்கிறது என்பதால் முதலில் இருட்டில் யூவி (புற ஊதா) டார்ச் அடியுங்கள். பழைய பிசின் வார்னிஷ் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். அதன்மேல் பின்னால் பூசியது கருந்திட்டாகத் தெரியும். கருந்திட்டு இல்லாத இடத்தில் மட்டும் அளக்கச் சொல்லுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

அக்கா, அசலா இல்லையா என்பதைவிட அவசரம், அடியில் இருப்பது காகிதமா துணியா என்பது. கிழிந்த விளிம்பைப் பாருங்கள்: காகிதம் பஞ்சு மாதிரி இழையாக நிற்கும், துணியில் நூல் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும். காகிதம் துணிமேல் ஒட்டப்பட்டிருக்கவும் கூடும், அதனால் விளிம்பின் முன்பக்கத்தையே நம்புங்கள். காகிதம் என்றால் காகிதம் பழுதுபார்ப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும். கேன்வாஸ் என்று நினைத்துப் பின்னால் சூடான மெழுகு ஏற்றிவிட்டால் காகிதம் எண்ணெய்த்தாள் மாதிரி கறுத்துவிடும், திரும்ப எடுக்க வழியில்லை.

ஈரத் துணி வேண்டாம்: வார்னிஷ் வெளுத்துப் பூத்துவிடும், காகிதம் அலை அலையாக எழும்பும். ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம். கண்ணாடியோடு படம் ஒட்டியிருந்தால் பிய்க்காமல் அப்படியே படுக்க வைத்துக் கொண்டுபோங்கள். பிரேமுக்குள் அடங்க வேண்டும் என்று வெட்டிய கீழ் ஓரம் பின்பலகைக்குள் மடிந்து கிடக்கிறதா என்று தேடுங்கள். அச்சகத்தின் பெயர் அந்த ஓரத்தில்தான் இருக்கும். துணுக்கு எவ்வளவு சிறியதானாலும் உறையில் போட்டு வையுங்கள்.