எல்.இ.டி. தெருவிளக்குக்கு நடுவே நெபுலா: எந்த ஃபில்டர் வாங்குவது?

மாடிவானம்:
தாம்பரத்தில் மொட்டை மாடியிலிருந்து படம் எடுக்கிறேன். 80 மி.மீ. ரிஃப்ராக்டர் (லென்ஸ் தொலைநோக்கி), வானம் நகர்வதைப் பின்தொடரும் டிராக்கிங் மவுன்ட், கடையில் வாங்கியபடியே இருக்கும் டிஎஸ்எல்ஆர். 2 நிமிஷம் எக்ஸ்போஷர் கொடுத்தாலே வானம் பால் ஊற்றியது மாதிரி வெளுத்துப்போகிறது. ஒளி மாசு ஃபில்டருக்குப் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். விளக்கின் நிறங்களை மட்டும் மறிக்கும் பிராட்பேண்ட் வாங்கவா, இரண்டு குறுகிய நிறங்களை மட்டும் உள்ளே விடும் டூயல் பேண்ட் வாங்கவா?

கார்த்திகைமீன்:
இரண்டும் வேண்டாம் தம்பி. நான் முதலில் வாங்கியது சோடியம் விளக்குக் காலத்து ஃபில்டர். அந்த மஞ்சள் வெளிச்சம் பெரும்பாலும் 589 நானோமீட்டர் அலைநீளத்தைச் சுற்றியே இருக்கும். பாதரச விளக்கு என்றால் 436, 546. அந்த இடங்களை மட்டும் மறித்தால் போதும், வானம் கறுத்துவிடும். 2015-ல் மத்திய அரசு தெருவிளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றும் திட்டத்தைத் தொடங்கியது. எங்கள் தெருவுக்கும் வெள்ளை விளக்கு வந்தது, அன்றோடு என் ஃபில்டருக்கு வேலை போயிற்று. வெள்ளை எல்.இ.டி.க்கு 450 பக்கம் ஒரு நீல முகடு, அதைத் தாண்டினால் பச்சையிலிருந்து சிவப்பு வரை ஒரே மேடு. எதை மறிப்பாய்? மறித்தால் நட்சத்திர வெளிச்சமும் சேர்ந்து போகும். அந்தப் பணத்தில் அமாவாசைக்கு அமாவாசை ஜவ்வாது மலைக்குப் போய் வரலாம். அங்கே காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கியைச் சும்மாவா வைத்தார்கள்?

சிவப்பு656:
எல்.இ.டி. பற்றி அண்ணன் சொல்வது சரி. ஆனால் அந்த வாதம் பிராட்பேண்டுக்குத்தான் பொருந்தும். டூயல் பேண்ட் விளக்கைத் தேடி மறிப்பதில்லை, நெபுலாவின், அதாவது விண்வெளி வாயு மேகத்தின், வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடுகிறது. ஹைட்ரஜன் ஆல்ஃபா 656.3-ல், ஆக்ஸிஜன் 500.7-ல். இரண்டுக்கும் 7 நானோமீட்டர் அகல ஜன்னல் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 400 முதல் 700 வரையுள்ள 300-ல் 14 மட்டுமே திறந்திருக்கிறது. போதாததற்கு, 656 வருவதற்குள் எல்.இ.டி.யின் மேடு சரிந்து இறங்கியிருக்கும்.

போன ஜனவரியில் ரோசெட் நெபுலா எடுத்தேன். வானத்தில் அரை நிலா, பக்கத்து வீட்டு மாடிப்படி விளக்கு வேறு. ஃபில்டர் இல்லாத ஃபிரேமில் நடுவிலுள்ள நட்சத்திரக் கூட்டம் மட்டும்தான் தெரிந்தது. ஃபில்டரைத் திருகிவிட்டு 5 நிமிஷம் திறந்தேன். ஸ்டேக் செய்வதற்கு (பல ஃபிரேம்களை ஒன்றாகச் சேர்ப்பதற்கு) முன்பே, கேமராவின் சின்னத் திரையிலேயே, அந்தக் கூட்டத்தைச் சுற்றி மங்கலாக ஒரு சிவப்பு வளையம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கார்த்திகைமீன்:
உங்கள் கேமரா உள் ஃபில்டரைக் கழற்றி மாற்றம் செய்தது, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். தம்பியுடைய கேமராவில் சென்சாருக்கு முன்னால் கம்பெனி வைத்த ஃபில்டரே 656-ல் பெரும்பகுதியைத் தின்றுவிடும். அதன் மேல் இன்னொரு ஃபில்டர் போட்டு என்ன தெரியப்போகிறது?

இன்னொன்று. வானத்தில் நெபுலா மட்டுமா இருக்கிறது? ஆண்ட்ரோமெடா கேலக்ஸி முழுக்க நட்சத்திர வெளிச்சம், எல்லா நிறமும் கலந்தது. கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றியுள்ள நீலப் புகை, தூசியில் பட்டுச் சிதறும் ஒளி. டூயல் பேண்ட் போட்டால் அது காணாமலே போய்விடும். கணக்கும் போட்டுக் காட்டுகிறேன். நகரத்து வானம் சதுர ஆர்க்செகண்டுக்கு (வானத்தின் ஒரு மிகச் சின்னச் சதுரத்துக்கு) 18 மேக்னிட்யூட், மலையில் 21 என்று கொள்வோம்; இந்த ஒளி அளவில் எண் கூடக் கூட இருட்டு. 3 மேக்னிட்யூட் என்றால் வெளிச்சத்தில் 16 மடங்கு வித்தியாசம். மங்கலான கேலக்ஸியில் மலையில் 1 மணி நேரத்தில் கிடைப்பதற்கு மாடியில் 16 மணி நேரம் உட்கார வேண்டும்.

சிவப்பு656:
கேலக்ஸிக்கு மலைதான், மறுக்கவில்லை. கேமராவும் முதலில் மாற்றப்பட வேண்டியதுதான், அதை நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அமாவாசை, மேகமில்லாத வானம், ஆபீஸ் லீவு, இது மூன்றும் ஒரே நாளில் எத்தனை முறை சேரும்? எனக்குப் போன சீசனில் 2 முறை. வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா இருக்கிறார், இரவில் கூப்பிட்டால் நான் இறங்கிப் போக வேண்டும். மாடி இல்லையென்றால் எனக்கு வானமே இல்லை அண்ணா.

குறுவெளிச்சம்:
இடையில் ஒரு வார்த்தை. 2 நிமிஷத்தில் வெளுத்தால் 30 விநாடியாகக் குறையுங்கள், எண்ணிக்கையைக் கூட்டி ஸ்டேக் செய்யுங்கள். மொத்த நேரம்தான் முக்கியம். மிச்சமிருக்கும் வெளிச்சச் சரிவை (படத்தின் ஒரு பக்கம் மட்டும் வெளுத்திருப்பதை) சிரில் மென்பொருளிலேயே எடுக்கலாம், அது இலவசம். டியூப் முனையில் கறுப்பு அட்டையைச் சுருட்டி மாட்டினால் பக்கத்து விளக்கு நேராக லென்ஸில் விழாது. மாடிவானம், எதை எடுக்கப் போகிறீர்கள் என்று நீங்கள் இன்னும் சொல்லவே இல்லையே?

மாடிவானம்:
ஓரியன் நெபுலா, அப்புறம் ரோசெட்.

குறுவெளிச்சம்:
ஓரியன் பிரகாசமானது, இப்போதைய கேமராவே போதும். ரோசெட்டுக்கு முதலில் கேமரா மாற்றம், பிறகு டூயல் பேண்ட். பிராட்பேண்டை மறந்துவிடுங்கள்.

மாடிவானம்:
அப்படியென்றால் இந்த மாதம் ஓரியன், 30 விநாடி ஃபிரேம்கள். சேர்த்த பணம் கேமராவுக்கு.

கார்த்திகைமீன்:
கேமராவைக் கழற்றக் கொடுக்கும் முன் ஒரு தடவை மலைக்கு வா தம்பி. வரும் அமாவாசைக்கு என் காரில் ஒரு சீட் காலி. அதே கேமரா, ஃபில்டர் எதுவும் வேண்டாம், 2 நிமிஷ ஃபிரேம் ஒன்று எடுத்துப் பார். அதற்கப்புறமும் வாங்க வேண்டும் என்று தோன்றினால் நானே தடுக்க மாட்டேன்.