முதன்முறையாக அவசர மருத்துவ ஆண்டு மாநாட்டுக்குச் செல்கிறேன்: எந்த அரங்கில் அமர்வது, சுவரொட்டிக்கு முன் நின்று என்ன சொல்வது?

இரண்டாமாண்டு முதுநிலை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் அவசர மருத்துவத்தில் இரண்டாமாண்டு முதுநிலைப் பயிற்சியில் இருக்கிறேன். எங்கள் துறையின் ஆண்டு மாநாட்டுக்குச் செல்லும் வாய்ப்பு இப்போதுதான் முதன்முறையாகக் கிடைத்திருக்கிறது. நான் அனுப்பிய ஆய்வுச் சுருக்கத்தையும் சுவரொட்டியாக முன்வைக்க ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். நெஞ்சுவலியோடு வருபவர்களுக்கு, அவர்கள் வந்த 10 நிமிடங்களுக்குள் இசிஜி (இதயத்தின் மின்பதிவு) எடுத்து மருத்துவர் ஒருவர் அதைப் பார்த்திருக்க வேண்டும் என்ற வழிகாட்டுதலை எங்கள் பிரிவு எந்த அளவுக்குக் கடைப்பிடிக்கிறது என்று ஆறு மாதப் பதிவேடுகளைக் கொண்டு தணிக்கை செய்தோம். அதுதான் என் சுவரொட்டி.

மகிழ்ச்சி பெரிதாக இருந்தாலும், நிகழ்ச்சி நிரலைத் திறந்து பார்த்ததிலிருந்து குழப்பமாக இருக்கிறது. முதல் நாள் பயிலரங்குகள், அடுத்த மூன்று நாள்களும் ஒரே நேரத்தில் ஐந்து அரங்குகளில் உரைகள். நான் விரும்பும் அல்ட்ராசவுண்ட் பயிலரங்கும் கடினமான மூச்சுவழியைக் கையாளும் பயிலரங்கும் ஒரே காலையில் நடக்கின்றன. இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது? ஐந்து அரங்குகளில் எதில் அமர்வது என்பதை எதை வைத்து முடிவு செய்வது? சுவரொட்டிக்கு முன் மூன்று நிமிடம் பேச வேண்டும், இரண்டு நிமிடம் மதிப்பீட்டாளர்களின் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும் என்கிறார்கள். அங்கே என்ன கேட்பார்கள்? மாநாட்டுக்கு முந்தைய இரவு எனக்கு இரவுப் பணி போடப்பட்டிருப்பதையும் சொல்லிவிடுகிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதினான்கு ஆண்டுப் பணி

வாழ்த்துகள், மருத்துவரே. இடங்கள் விரைவில் நிரம்பிவிடும் என்பதால் பயிலரங்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மூச்சுவழிப் பயிலரங்குக்கே செல்லுங்கள். அல்ட்ராசவுண்ட் கருவியை உங்கள் பிரிவிலேயே, மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, நோயாளிக்கு நோயாளி பழகிக்கொள்ளலாம். வாய்வழியாகக் குழாய் செலுத்தவும் முடியாமல், முகமூடி வழியாகக் காற்றூட்டவும் முடியாமல் போகும்போது கழுத்தின் முன்புறம் கீறி மூச்சுவழியைத் திறக்கும் சிகிச்சையை அப்படிப் பழக முடியாது. பலருக்குப் பணிக்காலம் முழுவதிலும் ஓரிரு முறைதான் அது நேரும். நேரும்போது யாரையும் கேட்டுக்கொண்டிருக்க நேரம் இராது.

என் முதல் மாநாட்டில் அந்தப் பயிலரங்கின் மேசையில் விலங்கின் மூச்சுக்குழாய் ஒன்றை வைத்து, அதன் மேல் தோல் போன்ற படலத்தைப் போர்த்தி, இடையில் சிவப்பு நீர் நிரம்பிய சிறு பையையும் செருகியிருந்தார்கள். நான் கத்தியை வைத்ததும் நீர் பீறிட்டு, கீற வேண்டிய இடமே தெரியாமல் போயிற்று. துடைப்பதற்குப் பஞ்சைத் தேடினேன். பயிற்றுநர் என் கையைப் பிடித்து நிறுத்தி, "பார்க்காதீர்கள், தொட்டுப் பாருங்கள்" என்றார். இடக்கைக் கட்டைவிரலும் நடுவிரலும் குரல்வளையை இருபுறமும் அசையாமல் பிடித்திருக்க, சுட்டுவிரல் நுனி தைராய்டு குருத்தெலும்புக்கும் கிரிகாய்டு குருத்தெலும்புக்கும் நடுவிலுள்ள பள்ளத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே 10ஆம் எண் கத்தியால் குறுக்காகக் கீறி, கத்தியை எடுக்காமலேயே அதன் கூர்ப்பக்கம் நோயாளியின் காலை நோக்கும்படி திருப்பி, அதை ஒட்டியே பூஜியை (குழாய்க்கு வழிகாட்டும் மெல்லிய, வளையும் கோலை) உள்ளே நழுவவிட்டு, பூஜியின் மேல் 6.0 அளவுக் குழாயை ஏற்ற வேண்டும். அன்று ஏழு முறை செய்தேன். கடைசி மூன்று முறை கண்ணை மூடிக்கொண்டு செய்யச் சொன்னார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, முகம் நசுங்கிக் குருதியில் மூழ்கிய ஒருவர் என் முன் கிடத்தப்பட்டபோது அந்தப் பள்ளத்தை என் சுட்டுவிரல்தான் கண்டுபிடித்தது. அவர் பிழைத்தார். பயிலரங்கு வேண்டுமா என்று யார் கேட்டாலும் எனக்கு அந்த மேசைதான் நினைவுக்கு வருகிறது.

அரங்குகளைப் பொறுத்தவரை, நிகழ்ச்சி நிரலை மூடி வைத்துவிட்டு, கடந்த இரண்டு மாதங்களில் பணி முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் உங்கள் மனத்தை விட்டு அகலாத மூன்று நோயாளிகளை ஒரு தாளில் எழுதுங்கள். தலைச்சுற்றல் என்று வந்தவரை வீட்டுக்கு அனுப்பிய பின் பக்கவாதமாக இருந்திருக்குமோ என்று தவித்திருந்தால், தலைச்சுற்றலைப் பற்றிய உரைதான் உங்கள் அரங்கு, அது எவ்வளவு சிறிய அறையில் நடந்தாலும் சரி. புகழ்பெற்றவர் பேசுகிறார் என்பதற்காக மட்டும் பெரிய அரங்கில் போய் அமராதீர்கள். ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரத்தையாவது எதற்கும் ஒதுக்காமல் விட்டுவையுங்கள். உரை முடிந்து வெளியே வருபவரை நிறுத்தி, உங்கள் நோயாளியைப் பற்றிக் கேட்பதற்கு அந்த நேரம் வேண்டும். அப்படிக் கேட்டால் முகம் சுளிப்பவரை நான் இதுவரை கண்டதில்லை.

இத்துறை இன்னும் இளமையானது என்பதையும் நினைவில் வையுங்கள். அமெரிக்க அவசர மருத்துவர் கல்லூரி தொடங்கப்பட்டது 1968இல். அந்நாட்டில் அவசர மருத்துவம் தனிச் சிறப்புத் துறையாக ஏற்கப்பட்டது 1979இல். முதல் பன்னாட்டு அவசர மருத்துவ மாநாடு 1986இல் இலண்டனில் கூடியது. இத்துறையைத் தொடக்கத்திலிருந்து பார்த்தவர்கள் சிலர் இன்றும் மாநாடுகளுக்கு வருகிறார்கள். அவர்களோடு பேசும் வாய்ப்பு உங்களுக்குப் பின் வருபவர்களுக்குக் கிடைக்காமல் போகலாம்.

ஆய்வுச் சுருக்க மதிப்பீட்டாளர்

மூத்தவர் சொன்னதோடு உடன்படுகிறேன். புதிய ஆய்வு முடிவுகளை அறிவிக்கும் அமர்வுகளை எப்படிக் கேட்பது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். அந்த அமர்வுகளில் கைதட்டல் அதிகம். கேட்பவர் நிதானமாக இருக்க வேண்டிய இடமும் அதுதான். 2001இல் ஒரே மருத்துவமனையில் 263 நோயாளிகளிடம் நடந்த ஆய்வொன்று, செப்சிஸ் (நோய்த்தொற்றால் உடலுறுப்புகள் பழுதடையும் நிலை) நோயாளிகளுக்கு, அவர்கள் வந்த முதல் சில மணி நேரத்திலேயே மையச் சிரையின் அழுத்தம், அதிலுள்ள குருதியின் ஆக்சிஜன் அளவு ஆகியவற்றை இலக்காக வைத்துச் சிகிச்சை அளித்தால், மருத்துவமனையில் இறப்பவர்கள் 46.5 விழுக்காட்டிலிருந்து 30.5 விழுக்காடாகக் குறைவதாகக் காட்டியது. உலகமே அதைப் பின்பற்றியது. 2014, 2015ஆம் ஆண்டுகளில் மூன்று பெரிய ஆய்வுகள், ஒவ்வொன்றும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளோடு, அந்த நெறிமுறைக்கும் வழக்கமான சிகிச்சைக்கும் இறப்பில் வேறுபாடு இல்லை என்று கண்டன. இடைப்பட்ட காலத்தில் வழக்கமான சிகிச்சையே மேம்பட்டுவிட்டது. செப்சிஸை விரைவில் கண்டுகொள்வதும், ஆன்டிபயாடிக் மருந்தையும் நீர்மத்தையும் உடனே தொடங்குவதும் எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டன. அந்தப் பழக்கத்தை வளர்த்ததில் 2001 ஆய்வுக்கும் பங்குண்டு என்பதே என் கருத்து. ஆகவே ஓர் எண் திரையில் தோன்றும்போது எத்தனை மருத்துவமனைகள், எதனோடு ஒப்பிட்டார்கள், அந்த ஒப்பீட்டுச் சிகிச்சை உங்கள் பிரிவில் நடப்பதைப் போன்றதுதானா என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காவதாக, திரையில் காட்டப்படாத விளைவு எது என்றும் கேளுங்கள். மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களுக்கு அட்ரினலின் கொடுப்பதை 8,000க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்த 2018ஆம் ஆண்டு பிரிட்டன் ஆய்வில், 30 நாள் உயிர்பிழைத்தவர்கள் 2.4 விழுக்காட்டிலிருந்து 3.2 விழுக்காடாக உயர்ந்தார்கள். இந்த எண்ணை மட்டும் பார்ப்பவர் மகிழ்வார். ஆனால் பிழைத்தவர்களுள் கடுமையான நரம்பியல் பாதிப்போடு இருந்தவர்கள் அட்ரினலின் பெற்ற குழுவில் 31 விழுக்காடு, பெறாத குழுவில் 17.8 விழுக்காடு. நோயாளியின் குடும்பத்தாரிடம் நாம் பேச வேண்டியது இவ்விரண்டு எண்களையும் சேர்த்துத்தான்.

இனி உங்கள் சுவரொட்டி. நான் மதிப்பீட்டாளராக வந்தால் முதலில் கேட்கும் கேள்வியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: 10 நிமிடக் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கியது? நோயாளி வாசலுக்குள் நுழைந்தபோதா, பதிவு மேசையில் பெயர் எழுதப்பட்டபோதா, டிரையாஜ் செவிலியர் (யாரை முதலில் பார்க்க வேண்டும் என்று வகைப்படுத்துபவர்) பார்த்தபோதா? இரண்டாவது கேள்வி: இசிஜி எடுக்கப்படாமலேயே போனவர்கள் உங்கள் கணக்கில் இருக்கிறார்களா? மூச்சுத்திணறலோ வெறும் களைப்போ மட்டும் சொல்லி வரும் முதியவர்கள், பெண்கள், நீரிழிவு நோயாளிகள் ஆகியோரின் மாரடைப்புதான் அதிகம் தவறிப்போகிறது. நெஞ்சுவலி என்று எழுதப்பட்ட பதிவேடுகளை மட்டும் எடுத்திருந்தால், உங்கள் பிரிவு உண்மையில் தவறும் இடத்தை உங்கள் தணிக்கை தொடவே இல்லை. இதற்காக அஞ்ச வேண்டாம். இந்தக் குறையை நீங்களே முதலில் சொல்லிவிட்டால் மதிப்பீட்டாளர் உங்கள் பக்கம் வந்துவிடுவார்.

சுவரொட்டியில் எழுத்தைக் குறைத்து, ஒரே ஒரு வரைபடத்தைப் பெரிதாக வையுங்கள். கட்டுரையின் வரைவை மாநாட்டுக்குப் புறப்படும் முன்பே எழுதத் தொடங்குங்கள். மாநாடுகளில் முன்வைக்கப்படும் ஆய்வுச் சுருக்கங்களில் ஏறத்தாழ 37 விழுக்காடுதான் பின்னர் முழுக் கட்டுரையாக வெளிவருகிறது என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2018ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு காட்டுகிறது. நல்ல வேலைகள் பல அந்தத் தாளோடு சுருட்டி வைக்கப்பட்டுவிடுவதைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது.

அவசரப் பிரிவுச் செவிலியர்

மருத்துவரம்மா, வணக்கம். நான் செவிலியர். இரண்டு மாநாடுகளுக்குப் பார்வையாளராகச் சென்றிருக்கிறேன். நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது: திரும்பி வந்த பின் என்ன செய்வீர்கள்?

முன்பு நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் மூன்று மருத்துவர்கள் மாநாட்டுக்குப் போய்வந்தார்கள். அங்கே கேட்டதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. சில வாரங்கள் கழித்து, ஆக்சிஜன் முகமூடியைப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்த ஒரு நோயாளிக்கு மருத்துவர் கெட்டமைன் கொடுக்கச் சொன்னார். கெட்டமைன் கொடுத்து அவரை அமைதிப்படுத்தி, சில நிமிடம் ஆக்சிஜனை நன்றாக ஏற்றி, அதன் பிறகே தசையைத் தளர்த்தும் மருந்தைக் கொடுத்துக் குழாய் செலுத்துவது அவருடைய திட்டம். அந்தத் திட்டம் அவர் மனத்தில் மட்டும் இருந்தது. என் கையிலோ பல ஆண்டுப் பழக்கம் இருந்தது. முதல் மருந்து போனவுடன் இரண்டாவதையும் செலுத்திவிட்டேன். ஆக்சிஜன் அளவு எங்கள் கண் முன்னே சரிந்தது. பையால் காற்றூட்டி மீட்டோம், நோயாளிக்குத் தீங்கு ஏதும் நேரவில்லை. இருந்தாலும் அந்த இரவை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. புதிய முறை தவறல்ல. மருந்தைக் கையில் வைத்திருப்பவருக்கு அது தெரியாமல் இருந்ததுதான் தவறு.

ஆகவே மூன்று நாளில் நீங்கள் கேட்பவற்றுள் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, பணி மாறும் நேரத்தில் ஐந்து நிமிடம் எங்களைப் போன்றவர்களிடம் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு செவிலியரையும் உடன் அழைத்துச் செல்ல உங்கள் துறைத் தலைவரிடம் கேட்டுப் பாருங்கள். டிரையாஜ், பாவனைப் பயிற்சி தொடர்பான அமர்வுகள் எங்களுக்கும் உரியவைதான். முந்தைய இரவுப் பணியை இப்போதே யாரிடமாவது மாற்றிக்கொள்ளுங்கள். விடிய விடிய விழித்த கையில் கத்தியைக் கொடுத்துப் பயிலச் சொல்வதில் பயன் இல்லை. உங்களுக்காக இங்கே பணியை ஏற்பவருக்கு அடுத்த மாதம் எந்த நாளைத் திருப்பிக் கொடுப்பீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள், அம்மா.

இரண்டாமாண்டு முதுநிலை

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. மூச்சுவழிப் பயிலரங்குக்குப் பதிவு செய்துவிட்டேன். இரவுப் பணியை உடன் பயிலும் ஒருவர் ஏற்றுக்கொண்டார். எங்கள் டிரையாஜ் செவிலியரை அழைத்துச் செல்லத் துறைத் தலைவரும் இசைந்துவிட்டார்.

மதிப்பீட்டாளர் ஐயா கேட்ட முதல் கேள்வியைப் படித்ததும் பதிவேடுகளை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். நாங்கள் கடிகாரத்தைப் பதிவு மேசையிலிருந்து தொடங்கியிருக்கிறோம். ஆம்புலன்ஸில் வருபவர்களை நேரே உள்ளே கொண்டுபோய்விடுகிறோம். அவர்களுடைய உறவினர் பின்னர் வந்துதான் பதிவு செய்கிறார். இதனால் சிலருக்கு, பதிவுக்கு முன்பே இசிஜி எடுக்கப்பட்டதாகக் கணக்கு வருகிறது. நடந்து வருபவர்கள் வரிசையில் நின்ற நேரமோ எங்கள் கணக்கிலேயே இல்லை. வாசல் கண்காணிப்புக் கேமராவின் நேரத்தைக் கொண்டு ஒரு மாதத்துக்கு மட்டும் திருத்திப் பார்த்தபோது எங்கள் முடிவு முன்பைவிட மோசமாகத் தெரிகிறது. சுருக்கம் ஏற்கப்பட்டுவிட்ட நிலையில் இதைச் சுவரொட்டியில் மாற்றலாமா, அல்லது அனுப்பிய எண்களையே வைத்துக்கொள்ள வேண்டுமா?

ஆய்வுச் சுருக்க மதிப்பீட்டாளர்

இரண்டையும் வையுங்கள், மருத்துவரே. அனுப்பிய எண்கள் அப்படியே இருக்கட்டும். பக்கத்திலேயே, திருத்திய ஒரு மாதத்தின் எண்களை வேறு நிறத்தில் காட்டி, கடிகாரத்தின் தொடக்கத்தை ஏன் மாற்றினீர்கள், எப்போது மாற்றினீர்கள் என்பதை முறையியல் பகுதியில் இரண்டு வரிகளில் எழுதுங்கள். அதற்கு முன் மாநாட்டு அறிவியல் குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி இதைத் தெரிவித்துவிடுங்கள். உங்கள் மூன்று நிமிடங்களில் இரண்டை இந்த வேறுபாட்டுக்கே ஒதுக்குங்கள். பதிவு மேசையிலிருந்து கடிகாரத்தைத் தொடங்கும் பிரிவு உங்களுடையது மட்டும் அல்ல. கேமராவிலிருந்து நேரத்தைக் குறித்தவர் யார், அவருக்கு இசிஜி எடுக்கப்பட்ட நேரம் முன்கூட்டியே தெரிந்திருந்ததா என்று அடுத்த கேள்வி வரும். அதற்கும் விடையை வைத்துக்கொள்ளுங்கள்.