எண்ணூர் மடவை, பச்சைச் சிப்பி: மாசின் தாக்கத்தை எந்தப் பரிசோதனையில் பார்ப்பது?

எண்ணூர்ப்பொண்ணு:
வணக்கம். கடல் உயிரியல் முதுகலை கடைசி வருடம். ஊர் எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய குப்பம். அப்பா கழியில் வலை போடுகிறார், அம்மா மீன் விற்கிறார். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கரை ஒதுங்கிய எண்ணெயை ஆட்கள் வாளியில் அள்ளியதைப் பார்த்து வளர்ந்தவள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு கழிக்குள்ளேயே எண்ணெய் வந்தது. அப்பாவின் வலை, படகு எல்லாம் கறுத்துவிட்டது. அதிலிருந்து "எண்ணூர் மீனா?" என்று கேட்டே அம்மாவிடம் விலையைக் குறைக்கிறார்கள்.

தண்ணீரை மட்டும் சோதிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உயிரினங்களின் உடலில் தெரியும் பயோமார்க்கர்களை வைத்து ப்ராஜெக்ட் செய்ய ஆசை. சந்தையில் மடவை வாங்கி, கல்லீரலில் ஈரோட் நொதி (எண்ணெய் போன்ற மாசு பட்டால் உயரும் நொதி) அளவைப் பார்த்து, பழவேற்காட்டு மடவையோடு ஒப்பிடலாம் என்று நினைத்தேன். ஆய்வகத்தில் நுண்ணோக்கி, ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர், குளிர் சென்ட்ரிஃப்யூஜ் இருக்கின்றன. திரவ நைட்ரஜன் இல்லை. இது சரியாக வருமா? முடிவை வைத்து மீன் சாப்பிட உகந்ததா என்று சொல்ல முடியுமா?

தூத்துக்குடி ராஜா:
எளிய வழி இருக்கிறதே. அனல்மின் சாம்பல் கலந்த கழி அது. மீன் சதையில் ஈயம், காட்மியம் எவ்வளவு என்று ஏஏஎஸ் கருவியில் (உலோக அளவைக் காட்டும் கருவி) பார்த்து எழுதிவிடுங்கள். கைடும் கேள்வி கேட்க மாட்டார்.

ஃபாத்திமா நாகை:
ராஜா சொல்வது உடலுக்குள் என்ன வந்திருக்கிறது என்பதைக் காட்டும். வந்தது அந்த உயிரை என்ன செய்தது என்பதைக் காட்டாது. அதற்குத்தான் பயோமார்க்கர். எண்ணெய் விஷயத்தில் இந்த வேறுபாடு இன்னும் முக்கியம். எண்ணெயில் இருக்கும் பிஏஎச் வகைப் பொருட்களை (பல வளைய ஹைட்ரோகார்பன் நஞ்சுகளை) மீன் தன் கல்லீரலில் உடைத்துப் பித்தநீருக்கு அனுப்பிவிடும். அதனால் சதையில் குறைவாகத்தான் இருக்கும். சதையை மட்டும் பார்த்தால் மீனுக்கு எண்ணெயே படவில்லை என்று தோன்றும். சிப்பிக்கு அப்படி வேகமாக உடைக்கும் திறன் இல்லை, அதன் சதையிலேயே தங்கிவிடும்.

1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் கசிந்ததே, அங்கே கரையோரச் சிப்பியும் நத்தையும் தின்னும் ஹார்லிக்வின் வாத்துகளின் கல்லீரலில் எண்ணெயால் தூண்டப்படும் நொதி இருபது ஆண்டு கழித்தும் உயர்ந்தே இருந்தது. கரைக் கற்களுக்கு அடியில் எண்ணெய் தங்கியிருந்ததே காரணம். மேலே ஓடும் தண்ணீரை மொண்டு பார்த்திருந்தால் இது தெரிந்திருக்குமா?

இப்போது தங்கச்சி உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். சந்தை மீன் வேண்டவே வேண்டாம். அந்த மடவை எங்கே பிடிபட்டது என்று உங்களுக்கு உறுதியாகத் தெரியாது. ஈரோட் நொதி மீன் செத்த சில நிமிடங்களிலேயே குறையத் தொடங்கும். கல்லீரலை உடனே திரவ நைட்ரஜனில் போட வேண்டும். ஐஸ் பெட்டியில் வந்த மீனில் நீங்கள் அளப்பது ஐஸ் எப்போது போட்டார்கள் என்பதைத்தான். முட்டை முற்றிய பெண் மீனில் இந்த நொதி இயல்பாகவே இறங்கும், அந்தக் குழப்பம் வேறு.

பழவேற்காடும் வேண்டாம். பக்கிங்காம் கால்வாய் வழியாக அந்த நீர் எண்ணூரோடு சேர்ந்தே இருக்கிறது.

உங்களிடம் இருக்கும் கருவிகளுக்குப் பச்சைச் சிப்பிதான் தோது. ஓரிடத்தில் ஒட்டியே வாழும், இடத்தின் கதையை அதனால்தான் அது சொல்லும். லைசோசோம் (உயிரணுவுக்குள் கழிவைச் செரிக்கும் சிறு பை) சவ்வு பரிசோதனை செய்யுங்கள். சிப்பியின் இரண்டு ஓடுகளையும் இழுத்துப் பிடிக்கும் பின்பக்கத் தசையில் மெல்லிய ஊசியைச் செலுத்தி, ஏற்கெனவே உப்புக்கரைசல் எடுத்து வைத்த சிரிஞ்சில் அதே அளவு ரத்தநீரை உறிஞ்ச வேண்டும். மெதுவாக இழுங்கள், வேகமாக இழுத்தால் ரத்த அணுக்கள் உடைந்துவிடும். சிலைடில் சொட்டிட்டு, ஈரப் பெட்டிக்குள் கால் மணி நேரம் வைத்தால் அணுக்கள் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் நியூட்ரல் ரெட் சாயம். நல்ல அணுவில் சாயம் லைசோசோமுக்குள் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகளாக நிற்கும். நலம் கெட்ட அணுவில் சவ்வு தாங்காமல் சாயம் கசிந்து அணு முழுக்க இளஞ்சிவப்பாகப் பரவும். முதல் ஒரு மணி நேரம் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறையும், பிறகு அரை மணிக்கு ஒருமுறையும் பாருங்கள். பாதி அணுக்கள் கசிந்த நேரம்தான் உங்கள் அளவு.

ஐரோப்பாவில் 120 நிமிடத்துக்கு மேல் தாங்கினால் நலம், 50 நிமிடத்துக்குக் கீழே போனால் கடும் பாதிப்பு என்று கணக்கு. அது அவர்கள் குளிர்நீர் நீலச் சிப்பிக்கு வைத்த கோடு. நம் வெந்நீர்க் கடலின் பச்சைச் சிப்பிக்கு அதை அப்படியே ஒட்டாதீர்கள். உங்கள் ஒப்பீட்டு இடத்துச் சிப்பிதான் உங்கள் அளவுகோல்.

கூடவே அதே சிப்பியின் செவுளில் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நரம்பு நொதியையும் பாருங்கள். எல்மன் முறையில் வரும் மஞ்சள் நிறத்தை 412 நானோமீட்டர் ஒளியில் அளக்க வேண்டும், உங்கள் ஸ்பெக்ட்ரோ போதும். பூச்சிக்கொல்லி வகை நஞ்சு பட்டால் இந்த நொதி இறங்கும். ஒரே ஒரு குறியீட்டை நம்பி எதையும் எழுதாதீர்கள்.

கடைசிக் கேள்விக்குப் பதில்: முடியாது. சிப்பியின் அணு வாடியிருக்கிறது என்றால் அந்த இடம் அந்த உயிருக்கு ஆகவில்லை என்று பொருள். மடவையைச் சாப்பிடலாமா என்பது வேறு கேள்வி. அதற்குச் சதையில் பிஏஎச், உலோகம் எவ்வளவு என்று அளந்து உணவு வரம்போடு ஒப்பிட வேண்டும். ராஜா சொன்ன வேலைக்கு அங்கே இடம் உண்டு. உங்கள் ஆய்வின் முதல் பக்கத்திலேயே இதைத் தெளிவாக எழுதிவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் முடிவையே காட்டி உங்கள் அம்மாவிடம் இன்னும் விலையைக் குறைப்பார்கள்.

எண்ணூர்ப்பொண்ணு:
நன்றி அக்கா, அந்தக் கடைசி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. கழிக்குள் எல்லா இடத்திலும் சிப்பி கிடைக்காதே, என்ன செய்வது? எந்த மாதம் தொடங்கலாம்?

ஃபாத்திமா நாகை:
கிடைக்காத இடத்துக்கு நீங்களே கொண்டுபோங்கள். சென்னைக்குத் தெற்கே கோவளம் பக்கம் பாறையிலிருந்து ஒரே அளவுள்ள சிப்பிகளை எடுத்து, வலைப்பைகளில் போட்டு, கழியில் சில இடங்களிலும் எடுத்த இடத்திலேயே ஒன்றுமாக மூன்று நான்கு வாரம் தொங்கவிடுங்கள். எல்லாம் ஒரே ஊர்ச் சிப்பி என்பதால் பிறப்பு வேறுபாடு குறுக்கே வராது. நீர் மிகவும் வற்றும் நேரத்திலும் பை நீருக்குள் இருக்க வேண்டும். எங்கே படகு விசிறி அடிக்காது, எங்கே நீரோட்டம் நிற்காது என்று அப்பாவைக் கேளுங்கள். அவர் பெயரை நன்றியுரையில் போட்டால் போதாது, உதவியாளர் கூலியும் திட்டச் செலவில் எழுதுங்கள்.

மின்நிலைய வெந்நீர் விழும் இடத்தில் ஒரு பை கட்டினால், அதே சூட்டில் ஆய்வகத் தொட்டியில் கொஞ்சம் சிப்பி வைத்துப் பாருங்கள். சூடு மட்டுமே சவ்வைக் கெடுக்கும்.

வடகிழக்குப் பருவமழையில் தொடங்காதீர்கள், உப்பு சட்டென்று இறங்கிச் சிப்பி அதற்கே வாடிவிடும். பிப்ரவரிக்குப் பிறகு வையுங்கள். பை கட்டும் முன் சிலவற்றைத் திறந்து பாருங்கள்: பெண் சிப்பி ஆரஞ்சாகவும் ஆண் வெண்ணெய் நிறத்திலும் நிறைந்திருந்தால் அவை முட்டையிடத் தயார். அந்தக் கூட்டத்தை விட்டுவிட்டு வேறு கூட்டம் எடுங்கள்.